லைசென்ஸும் ஒரு வாளித் தண்ணீரும்

ஆடி 14, வெள்ளி. பெக்கோக் ரப்பர் தோட்டம்.

மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. நாளை என் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போவாராம். அவளுக்கு இது ஆறாம் மாதம்.

“சோதனை எப்படி நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“திடலை ஒரு சுத்து சுத்தச் சொன்னாங்க, அத்தை. போலீஸ் துரை மரத்தடியில நாற்காலி போட்டுப் பாத்தாரு.”

“பின்னால யாரு உக்காந்தா?”

“யாரும் இல்லியே.”

மரத்தடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? மாப்பிள்ளையோ கல்யாணப் பந்தியில் என் பாயசத்துக்குச் சர்க்கரை போதாது என்று சொன்னவர். ஒன்பது வருஷமாகியும் நான் மறக்கவில்லை. ரப்பர் பால் எடுக்கும் வாளி நிறையத் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு நானே பின்னால் ஏறினேன்.

“ஒரு சொட்டு சிந்துனாலும் அவ ரயில்லதான் போவா, மாப்பிள்ளை.”

செம்மண் பாதையில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக மிதந்து போயின. என் உடம்புக்குக் கனமே இல்லை. வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாளியில் பாதிதான் இருந்தது. சேலையெல்லாம் ஈரம்.

“பாத்தீங்களா?” என்றேன். நாளை ரயில்தான் என்று முடிவாகிவிட்டது.

சாய்ந்தது வண்டியா, என் கையா? எனக்கே தெரியவில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் வண்டியில் இன்னொரு முறை ஏறிப் பார்க்க வேண்டும்.