பேப்பர் கப்பில் ஒரு தேநீர்

போன செவ்வாய்க்கிழமை லண்டன் டூட்டிங்கில் மழைக்கு ஒதுங்கிய, தானமாக வந்த பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் உம்முடைய புத்தகம் ஒன்றைக் கண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான அமெரிக்க வரலாறு. அட்டை கழன்று, பழைய தாளின் புளித்த வாசனையோடு கிடந்தது. உம்முடையதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர். சீருடையோடு வரிசையில் நிற்கும் கறுப்பினச் சிப்பாய்களின் படத்துக்குப் பக்கத்தில், பென்சிலால், ‘சண்டைக்கு மட்டும் சமம்’ என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்தை அப்படிச் சரித்து எழுதுகிறவர் தெற்கு லண்டனிலேயே நீர் ஒருவர்தான். நீர் போய் நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. யார் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போய்க் கேட்கத்தான் முகமில்லை.

பக்கத்து மிட்சம் பகுதியில் நாம் இருவரும் நடத்திய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நினைவுக்கு வந்தது. கிழமை நாட்களில் நீர் ஆங்கிலப் பள்ளியில் வரலாறு படிப்பிப்பீர். சனிக்கிழமையில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ். நான் செயலாளர். அதாவது, கதவு திறந்து கதிரை அடுக்குகிறவன். பிள்ளைகள் போன பிறகு அந்தக் கதிரைகளில் உட்கார்ந்து நாம் கதைத்ததற்கு அளவேயில்லை. இலங்கையில் கடைசி யுத்தம் நடந்த மாதங்களில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாராளுமன்றத்தின் முன்னால் பதாகையோடு நின்றோம். குளிரில் என் கை விறைத்தபோது உம்முடைய கையுறையில் ஒன்றைக் கழற்றித் தந்தீர்.

"அமெரிக்காவிலை கறுப்புச் சனம் உரிமைக்காக வருஷக்கணக்கா ஊர்வலம் நடந்தது காணும். நீர் ரெண்டு மாதத்திலை களைக்கிறீர்" என்று என்னைச் சீண்டினீர்.

பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில் அந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பேசினீர். "உலக யுத்தத்திலை அமெரிக்காவிலையிருந்து இந்த நாட்டுக்கே சண்டைக்கு வந்த ஆக்கள். எல்லாருக்கும் ஒரே எதிரிதான். ஆனா வெள்ளைச் சிப்பாய் குடிக்கிற இடத்திலை இவை குடிக்கக்கூடாது. உயிர் தப்பித் திரும்பிப் போனா, அங்கை தண்ணிக் குழாயும் வேறை, பஸ்ஸிலை இருக்கிற இடமும் வேறை." மண்டபமே கைதட்டியது. எல்லாரையும்விட நான் பலமாகத் தட்டினேன். எங்கோ கடலுக்கு அப்பால், நான் பிறக்க முன்பே அநியாயம் செய்தவர்கள் மேல் கோபப்படுவது எவ்வளவு சுகமான வேலை! வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்தோடேயே இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம், உம்முடைய மகனைக் கட்டப்போவதாக என் மகள் வந்து சொன்னாள். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை நீர் நம்ப வேண்டும். மனைவிதான் கேட்டாள்: "அவை ஊரிலை எவடம்?" இருபது வருடப் பழக்கத்தில் நான் உம்மிடம் அதைக் கேட்டதில்லை. கேட்காததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. யார் கேட்டாலும் "யாழ்ப்பாணம்தான்" என்று நீர் நிறுத்திக்கொள்வீர். எங்கள் ஆட்களில் ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டால் ஏன் விடுகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் எடுத்து, உம்முடைய சாதியை விசாரிக்கச் சொன்னேன்.

அந்தப் புத்திசாலி உம்முடைய தங்கச்சியின் பக்கத்து வீட்டிலேயே போய் விசாரித்திருக்கிறான். மூன்றே நாளில் உம்முடைய சாதி என் காதுக்கும், நான் விசாரித்த கதை உம்முடைய காதுக்கும் வந்துவிட்டன. சனிக்கிழமை நீர் வழமைபோலப் பள்ளிக்கு வந்தீர். என் முகத்தைப் பார்க்காமல், கதிரைகளை அடுக்கிக்கொண்டே சொன்னீர்:

"என்னட்டையே கேட்டிருக்கலாமே காணும். நான் சொல்லியிருப்பன்."

"எனக்கு ஒண்டுமில்லை. மனிசியும் சொந்தக்காரரும்தான்..." என்று இழுத்தேன்.

நீர் சிரித்தீர். "அமெரிக்காவிலையும் இதைத்தான் சொன்னவை. எனக்கு ஒண்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினமோ எண்டு. சட்டத்தை மாத்திப்போட்டினம். உந்தப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் இன்னும் பிடிக்கேலாமல் கிடக்கு."

பிள்ளைகள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, பதிவுத் திருமணத்துக்கு நாள் வைத்தார்கள். அழைப்பிதழை நீர் தபாலில் போட்டிருக்கலாம். முறைப்படி நேரில் கொண்டுவந்து தந்தீர். எத்தனையோ நாள் எங்களோடு சாப்பிட்ட வீடு அது. மனைவி தேநீர் கொண்டுவந்தாள். எனக்கு வழக்கமான பீங்கான் கோப்பையில். உமக்கு, பிறந்தநாள் விழாவுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்பில். ஊரில் சாதி பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தவர்களின் பரம்பரை, லண்டனுக்கு வந்தும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. நீர் கப்பைப் பார்த்தீர். என் கோப்பையையும் பார்த்தீர். நான் எழுந்து என்னுடையதை உம்மிடம் நீட்டியிருக்கலாம். மனைவியைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கலாம். "சீனி போதுமோ?" என்று கேட்டேன்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தீர். கப்பை இரண்டாக மடித்து, கோட் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினீர். "எறியிற வேலை உங்களுக்கு வேண்டாம்" என்றீர். இருபது வருடம் ‘உமக்கு’ என்று சொன்ன வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ‘உங்களுக்கு’ என்றது.

கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. தமிழ்ப் பள்ளியையும் நான் விட்டேன், முதுகு நோவு என்று சொல்லி. கப்பைக் கொண்டுவந்தவள் அவள்தானே என்று இத்தனை வருடமும் மனைவி மேலேயே பழியைப் போட்டு நாளை ஓட்டினேன். எதிரே இருந்து பீங்கானில் உறிஞ்சிக் குடித்தவன் நான். அந்த வரலாற்றுப் பாடமெல்லாம் கேட்டுக் கைதட்டிய பிறகு குடித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உம்முடைய செத்தவீட்டுக்கு வரச்சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. இணையத்தில் அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் ஒழுங்கு பார்த்துக்கொண்டு நின்றவர், "ஐயா என்ன முறை? சொந்தக்காரர் எண்டால் முன்னுக்குப் போங்கோ" என்றார். நாலடி தள்ளி என் மகள் உம்முடைய மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருநாளும் தூக்கியிராத பேரன். எனக்குப் பின்னால் என் ஊர்க்காரர் இரண்டு பேர் நின்றார்கள்.

"சொந்தமில்லை. தெரிஞ்ச ஆள்" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையைத் தூக்கி, அவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான் உம்முடைய சம்பந்தி. அந்தப் பிள்ளை உம்மை அப்பப்பா என்று கூப்பிட்டானாம். அம்மப்பா என்று ஒருவன் இருப்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. நீர் இருக்கும்போது வீட்டில் சொல்லாததை, உம்முடைய உடலுக்கு முன்னால் சொல்லாததை, இந்தக் கடதாசியில் எழுதியிருக்கிறேன். அதையும் மனைவி கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.