பெரியவர் பேருக்கு ஒரு அர்ச்சனை

மே 19, 2001, சனி

பிளானோவில் காலையிலேயே வெயில். ஏசி போட்டாச்சு. வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, தயிர், கவிதாவுக்கு ஷாம்பூ.

வக்கீல் போனில் சொன்னது மண்டையிலேயே ஓடுது. ஆகஸ்டில் கவிதாவுக்கு 21. அதற்குள் க்ரீன் கார்டு வராவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து பெண் பேர் மட்டும் விழுந்துவிடும். வயசு தாண்டின பிள்ளைகளையும் சேர்க்க ஒரு மசோதா இருக்காம். அதைக் கையில் வைத்திருக்கிற செனட் கமிட்டித் தலைவர் ஆபீஸில் வக்கீலுக்கு ஆள் தெரியுமாம். அதுதான் நம்பிக்கை.

ஆனால் செனட்டில் இந்தக் கட்சி 50, அந்தக் கட்சி 50. துணை ஜனாதிபதி ஓட்டு இருப்பதால் இந்தக் கட்சி கையில். அதில் ஒரு பெரியவர், தள்ளாத வயசு. அவருக்கு ஏதாவது ஆனால் செனட் அந்தக் கட்சி கைக்குப் போகும், கமிட்டித் தலைவரும் மாறுவார்.

சாயங்காலம் கோயில். பெரியவர் பேருக்கு அர்ச்சனை.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"தெரியாது சாமி. வெள்ளைக்காரர்."

"கோத்திரமாவது?"

"செனட்டு." என் வீட்டுக்காரர், பின்னாலிருந்து. முறைத்தேன்.

சிவகோத்திரம் என்று போட்டுக்கொண்டார் குருக்கள்.

மே 22, செவ்வாய்

டிவியில் பெரியவர். நடமாடுகிறார். நிம்மதி. கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே வைத்தேன்.

கவிதா: "அம்மா, செனட்டருக்கா ப்ரே பண்றே? சோ ஃபன்னி." சிரிக்கிறாள். உள்ளே பயம் உண்டா, தெரியவில்லை.

மே 24, வியாழன்

குக்கர் வைத்துவிட்டு டிவி போட்டேன். வேறொரு செனட்டர், திடமாக நிற்கிற மனுஷன், கட்சியை விட்டு விலகிவிட்டார். 50-50 போச்சு. ஜூனில் செனட் அந்தக் கட்சிக்குக் கை மாறுதாம். இவரை நான் நினைக்கவே இல்லையே முருகா.

விசில் எண்ணவில்லை. சோறு குழைந்துவிட்டது.

வீட்டுக்காரர்: "கட்சித் தாவல் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நெனச்சியா?" சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை.

வக்கீல்: கமிட்டிக்குப் புதுத் தலைவர், மறுபடி முதலிலிருந்து. ஆகஸ்டுக்குள் கஷ்டம்.

மே 25, வெள்ளி

கவிதா காலேஜிலிருந்து ஸ்டூடண்ட் விசா பாரம் கொண்டுவந்தாள். "ஐ வில் பி ஆன் மை ஓன். இட்ஸ் ஃபைன், அம்மா." பிறகு குளிக்கப் போனாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. கதவைத் தட்டவில்லை.

மே 26, சனி

மழை. டோல்வேயில் ஊர்ந்துதான் போனோம்.

பெரியவர் பேருக்கு இந்த வாரமும். அவர் என்ன பண்ணுவார் பாவம்.

அப்புறம் எங்கள் மூணு பேருக்கும். "பொண்ணுக்கு விசேஷமா தனி அர்ச்சனை பண்ணிடலாமேம்மா" என்றார் குருக்கள்.

வேண்டாம் சாமி, எங்களோடேயே சேர்த்துச் சொல்லுங்க என்றேன்.