முதல் வெட்டு ஆஸ்பரகஸும் ஆறிப்போன முட்டையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், கை வரவில்லை. இரண்டு மாதமாக நீ போனை எடுப்பதில்லை, கடிதத்தையாவது கிழிக்காமல் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

உன் தம்பி கொல்லைப்பக்கம் நட்டுவைத்தானே ஆஸ்பரகஸ், அந்தச் சீமைத் தண்டு, விரல் தடிமனுக்கு மண்ணைக் கீறிக்கொண்டு வந்துவிட்டது. முதல் வருஷம் அப்பா ஆசையாகக் கத்தியோடு போனபோது, ரெண்டு வருஷத்துக்குக் கையே வைக்கக் கூடாதுப்பா, வேர் செத்துடும் என்று அவன் தடுத்ததும், கோழி முட்டை போட்ட அன்னைக்கே திங்கலாம், இந்தக் குச்சிக்கு மூணு வருஷம் தவம் கிடக்கணுமா என்று அப்பா முறைத்ததும் உனக்குத் தெரியும், போனில் சொல்லிச் சிரித்தோம். இது மூன்றாவது வருஷம். வெட்ட அவன் இல்லை.

அப்பா சரியாகச் சாப்பிட்டு நாளாகிறது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. இதையாவது சாப்பிடுவார் என்று செவ்வாய்க்கிழமை நானே ஒன்பது தண்டு வெட்டினேன். அடிப்பக்கம் நார், வளைத்தால் தானாக எங்கே ஒடிகிறதோ அதற்கு மேல்தான் சமைக்க ஆகும். வெண்ணெயில் மூன்று நிமிஷம் புரட்டி, பச்சை மங்குவதற்குள் இரண்டு முட்டையை மேலே உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் தூவி மூடிவைத்தேன். மஞ்சள் கரு இளக்கமாக இருந்தால்தான் அப்பாவுக்கு இறங்கும். நீ செய்தால் நன்றாக வேகவிடு, பால் கொடுக்கிற உடம்பு. தட்டை முன்னால் வைத்ததும் அப்பா அதைத் தள்ளி வைத்தார். முதல்ல பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லு, அப்புறம் வாயில வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் முட்டையை அவித்து, தொட்டுக்கொள்ள நுனிகளை மட்டும் வதக்கிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் பொடியாக நறுக்கி ஆம்லெட். மூன்று நாளும் தட்டு அப்படியே ஆறித் திரும்பியது. உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

சொல்லிவிடுகிறேன். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் உன்னிடம் மறைத்ததற்கு, அக்காவுக்குச் சொல்லக் கூடாது என்று அவன்தான் கேட்டுக்கொண்டான் என்றேன். அது பொய். உனக்கு ஒன்பதாம் மாதம், அதிர்ச்சியில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நானாக எடுத்த முடிவு. அவன் தினமும் உன்னைக் கேட்டான். தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால்கூட, அக்கா கூப்பிட்டாளாம்மா என்றான். இல்லப்பா, தூங்குறா போல என்றேன். அன்றைக்கு நீ இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாய். போன் என் மடியில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை.

தம்பி மேல் உனக்குக் கோபம் தீரவில்லை, அவன் போட்டோவைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். செய்தவள் நான், பழியைப் போட்டது செத்தவன் மேல். என்னைத் திட்டு, பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்கிறேன். அவன் மேல் ஒரு துளி கோபமும் வைக்காதே.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். குட்டியின் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. என்னிடம் பேச வேண்டாம், அப்பாவின் நம்பருக்கு ஒரு தடவை கூப்பிட்டு, அம்மா எழுதிட்டா என்று மட்டும் சொல்லு. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா