மேலறையில் யாரும் படுப்பதில்லை

ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர்.
2 ஜூலை 2024

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கை லோகப்பிரியாவுக்கு,

நந்திதா அக்கா அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதுவது. இங்கே நானும் ரூபன் அண்ணாவும் தேவ கிருபையால் சுகம். படுக்கையில் இருக்கும் என் மாமனாருக்கும் இந்த வாரம் தேவலை. நீயும் மகள் ரித்திகாவும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம்.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் போலிருக்கிறது. இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான். அதனால் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண், “கவருங்களா? லெட்டர் போடறதுக்குங்களா?” என்று இரண்டு தரம் கேட்டாள். நாம் தங்கியிருந்த ஹாஸ்டலை விட்டபின் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். ரித்திகா இங்கே விட்டுப்போன புத்தகப் பையை அனுப்ப நீ சொன்ன சிங்காநல்லூர் விலாசம்தான் என்னிடம் இருக்கிறது. அங்கே உனக்கு இடம் கொடுத்த ஜன்னத் அம்மாள் இதை உன்னிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

என்மேல் உனக்கு வருத்தம். தெரியும். ஆனாலும் அம்மணி, நீயும் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நீ மழையில் நனைந்துகொண்டு, பெட்டியும் பிள்ளையுமாக வந்து நின்றாய். தனபாலோடு இனி வாழ முடியாது, அடி தாங்க முடியவில்லை என்றாய். துண்டு கொடுத்தேன், சூடாக இட்லி ஊற்றிக் கொடுத்தேன். தங்க இடம் கேட்டபோதுதான் முடியவில்லை. கீழே இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் மாமனார். மாடியில் இருப்பது ஜெப அறை. மார்ச்சில் போதகரும் சபையாரும் வந்து பிரதிஷ்டை செய்தது. மேலறையில் யாரும் படுப்பதில்லை. மறுநாள் காலையில் முப்பது சகோதரிகள் உபவாச ஜெபத்துக்கு வருவதாக இருந்தார்கள். நான் என்ன செய்யட்டும்? ஆட்டோ பிடித்துக் கொடுத்தேனே.

அந்த ஜெபக் குறிப்பு விஷயமும் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பல்லடம் சகோதரி ‘எல்’ என்றுதானே சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்? உன் பெயரைப் போடவில்லையே. நூற்றிருபது பேர் உனக்காகப் பாரத்தோடு ஜெபித்தார்கள். அது தனபால் காதுக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பையைக் கொடுக்கப் போன ரூபன் அண்ணா வந்து சொன்னார். பையை வாங்கிக்கொண்டு ஜன்னத் அம்மாள் கதவைச் சாத்தப் பார்த்தாராம். சாத்துவதற்குக் கதவு இல்லையாம். கேட்டதும் துடித்துப்போனேன்.

பதில் போடு. எங்கே இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் அக்கா
நந்திதா ரூபன்


ஆர்.எஸ்.புரம்,
24 ஜூலை 2024

அன்புத் தங்கை லோகப்பிரியாவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எல்.ஐ.சி. நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்தான் வருகின்றன.

போன கடிதத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது. சபைக் கமிட்டிக்கு எழுதிய விளக்கக் கடிதம் மாதிரி இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்லும் சாக்குகளை இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைவிட மோசமாக நான் எழுதியிருக்கிறேன்.

மேலறையில் யாரும் படுக்கக் கூடாது என்று எந்தப் போதகரும் சொல்லவில்லை லோகு. அது என் சட்டம். மாடிக்கு ஒரு வெள்ளைக் கம்பளம் வாங்கிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்து எல்லோரும், “இதுதான் சிஸ்டர், கர்த்தர் தங்கற எடம்” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ தங்க இடம் கேட்டபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ரித்திகாவின் ஈரச் சாக்ஸைப் பார்த்தேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. தனபால் தேடிக்கொண்டு வந்து எங்கள் கேட்டில் நின்று கத்துவார், அக்கம்பக்கத்தில் மானம் போகும் என்று பயந்தேன். வாசலில் கிரானைட்டில் ‘கர்த்தர் வாசம்பண்ணும் இல்லம்’ என்று வெட்டி வைத்துவிட்டு, அதன் முன்னால் ஒரு குடிகாரன் கூச்சல் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கர்த்தருக்கு அதனால் ஒரு குறையும் வந்திருக்காது. எனக்குத்தான்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. நீங்கள் படியிறங்கும்போது மறுநாள் ஜெபத்துக்குப் பூ வைக்க ஹாரிகா சிஸ்டர் உள்ளே வந்தார். “யாருங்க சிஸ்டர் இது?” என்று கேட்டார். “ஊட்டு வேலை கேட்டு வந்திருக்காங்கங்க” என்று சொன்னேன். மழைச் சத்தத்தில் அது உனக்குக் கேட்டிருக்காது என்று ஒன்றரை மாதமாக என்னையே தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதா லோகு?

அக்கா
நந்திதா


6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நந்திதா அக்காவுக்கு,

லோகப்பிரியா வணக்கம். இரண்டு கடிதமும் ஜன்னத் அக்கா மூலம் கிடைத்தன. அண்ணாவையும் உங்கள் மாமனாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஊர் எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம். இனி யாருக்கும் ஊர்ப் பெயரை எழுதுவதாக இல்லை.

கேட்டது அக்கா. ரித்திகாவுக்கும் கேட்டது. ஆட்டோவில் போகும்போது, “அம்மா, நாம வேலை கேட்டா வந்தோம்?” என்றாள். “ஆமா கண்ணு” என்றேன். எட்டாவது படிக்கிற பிள்ளை.

ஜன்னத் அக்கா முன்பு எங்கள் தறியில் வேலை செய்தவர். இப்போது வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். ஒரே அறை, அதிலேயே ஒரு மூலையில் அடுப்பு. போய் நின்றதும், “உள்ள வாங்க, மொதல்ல தலையத் தொடைங்க” என்றார். காரணமே கேட்கவில்லை. விடியலில் நான் கண்விழித்தபோது, அவர் அடுப்பு மேடைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் தொழுதுகொண்டிருந்தார். குனியும்போது தலை குடத்தில் இடிக்காமல் இருக்க ஒருக்களித்துக்கொண்டார். வழக்கமாக அவர் தொழும் இடத்தில் ரித்திகா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப அவருக்கு மனமில்லை.

என் வீட்டுக்காரர் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியாது என எழுதியிருந்தீர்கள். உங்கள் குரூப்பில் பல்லடத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் தன் பக்கத்து வீட்டுக்காரியிடம், நமக்குத் தெரிந்தவர்களா பாருங்கள் என்று உங்கள் ஜெபக் குறிப்பைக் காட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி என் நாத்தனார். சனிக்கிழமை சாயங்காலம் இவர் வந்து, அந்தக் குறிப்பு இருந்த போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ‘கணவனைப் பிரிந்து, மகளோடு சிங்காநல்லூரில் ஒரு தையல்காரப் பெண் வீட்டில் தங்கியிருக்கும் பல்லடம் சகோதரி எல்.’ உங்கள் வார்த்தைகள்தான். வெள்ளிக்கிழமை காலையில், பத்திரமாக இருக்கிறோம் என்று உங்களுக்கு மட்டும் போன் செய்து சொன்ன வார்த்தைகள். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

கதவை உடைத்ததை அண்ணா சொல்லியிருப்பார். ரித்திகாவைக் கையைப் பிடித்து இழுத்ததில் இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

குற்றம் சொல்ல எழுதவில்லை அக்கா. ஞானஸ்நானம் எடுத்ததற்காக அப்பா என்னைத் தலைமுழுகிய அன்று, ஹாஸ்டலில் உங்கள் கட்டிலில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். ஒரு மாதம் இரண்டு பேரும் அதில் ஒருக்களித்தே படுத்தோம். கடவுள் கட்டடத்தில் இல்லை லோகு, நமக்குள்ளேதான் குடியிருக்கிறார் என்று அப்போது சொன்னீர்கள். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதனால்தான் அன்று வேறு எங்கேயும் போக யோசிக்காமல் நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

ஜெபம் பண்ணுகிறேன். சபைக்குத்தான் போக முடியவில்லை. யாராவது, “உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்” என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
லோகப்பிரியா


ஆர்.எஸ்.புரம்,
12 ஆகஸ்ட் 2024

லோகு,

ரித்திகாவின் கை. அந்த வரியைத் தாண்டி என்னால் இன்னும் போக முடியவில்லை.

வெட்கமாக இருக்கிறது. எழுதுவதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் வெட்கம், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும்போது வெட்கம், ஜெபிக்கக் கண்ணை மூடினால் இன்னும் அதிகம். அறை கொடுக்காததுகூட என் சின்னத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். நீ நம்பிச் சொன்னதை நான் நூற்றிருபது பேருக்குப் பந்தி வைத்தேன். அதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. ‘சிஸ்டர், என்ன பாரம் உங்களுக்கு!’ என்று பதில் வரவர, சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. அன்று எனக்கு உபவாசம் வேறு.

சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். அப்படிக் கேட்டால் உன் கதையை இன்னொரு தரம் சொல்ல வேண்டி வரும். அழுதுகொண்டே சொல்வேன், அதற்கும் நாலு பேர் என்னைத்தான் பாராட்டுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். குரூப்பில் அந்தச் செய்தியை அழித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆறின பிறகு மருந்து போடுவது மாதிரிதான், தெரிகிறது.

ரூபன் அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை கேட்டு வந்தவர்கள் என்று நான் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய்விட்டார். மறுநாள் காலையில், “வாசல் கல்லப் பேத்துப்போடலாமா?” என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும், தினமும் போகும்போதும் வரும்போதும் நான் அதைப் படிக்க வேண்டும் என்றேன்.

கம்பளத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. மேலறையில் இப்போது இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு மேஜை இருக்கின்றன. கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறோம். வெளிப் படிக்கட்டு வழியாகவே ஏறிக்கொள்ளலாம், எங்கள் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமில்லை. சாவியை இந்தப் பதிவுத் தபாலிலேயே வைத்திருக்கிறேன். தனபால் வந்தால் வரட்டும். கேட்டில் நான் நிற்கிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். வந்து தங்கு, போதும்.

நந்திதா


29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாவி கிடைத்தது. கட்டில் போட்டதற்கு நன்றி.

நாங்கள் வரமாட்டோம் அக்கா. என் கோபம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆனால் ரித்திகாவிடம் கேட்டேன், “அந்த ஊட்டுக்கு வேண்டாம்மா” என்றாள். இதற்குமேல் அவளை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. இங்கே ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடமும் பக்கம்.

ஆனால் சாவியைத் திருப்பி அனுப்பவில்லை. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு பெண் வருவாள். அந்தச் சாவி அவளிடம் இருக்கும். அவள் பெயரைக் கேட்காதீர்கள். எந்த ஊர், என்ன நடந்தது என்றும் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் உங்களோடு இருக்கட்டும். ஜெபத்தில்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். கடவுளுக்கு அவளை ஏற்கெனவே தெரியும்.

உங்களால் முடியுமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முடியும் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. காரணம் அந்த ஹாஸ்டல் கட்டில்தான்.

லோகப்பிரியா


ஆர்.எஸ்.புரம்,
14 செப்டம்பர் 2024

அன்பு லோகுவுக்கு,

அவள் திங்கட்கிழமை வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வாசல் கல்லைப் படித்துவிட்டுச் சற்றுத் தயங்கினாள். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். இதற்குமேல் அவளைப் பற்றி உனக்குக்கூட எழுதப்போவதில்லை.

என்னைப் பற்றி எழுதலாம் அல்லவா? ஐந்து நாளாக நாக்கு நமநமவென்று அரிக்கிறது. காலையில் பால் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, “உனக்கு எந்த ஊரு கண்ணு?” என்று தொண்டை வரைக்கும் வந்துவிடுகிறது. விழுங்கிவிட்டு, “சக்கர போதுமா?” என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் வீட்டுச் சங்கதியைக் கேட்டு வாங்கி, ஜெபம் என்று பெயர் வைத்து நாலு இடத்தில் வைத்திருக்கிறேன் என்று இப்போது படியிறங்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. உபவாச ஜெபத்தை இப்போது கீழே ஹாலில் நடத்துகிறோம். பாதி ஜெபத்தில் மாடியில் குழந்தை வீறிட்டு அழுதது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். ஹாரிகா சிஸ்டர் மேலே பார்த்து, “யாருங்க சிஸ்டர், ஜெப ரூம்ல?” என்று கேட்டார். முப்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

“எங்க ஊட்டு ஆளுங்க” என்றேன்.

“ஏதாச்சும் பாரமுங்களா? சொன்னீங்கன்னா ஜெபிக்கலாம்” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க. கொழந்தைக்குப் பசி” என்று சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனேன். அடுப்பின் முன்னால் நின்று ஏன் அப்படி அழுதேன் என்று தெரியவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது.

மூன்றே வார்த்தை லோகு. அதே வீடு, அதே ஹாரிகா சிஸ்டர், அதே கேள்வி. அன்றைக்கும் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

நீ வரமாட்டாய் என்று தெரியும். இதற்குப் பதிலும் வேண்டாம். ரித்திகாவிடம் மட்டும் ஒன்று சொல். நீங்கள் அன்று வேலை கேட்டு வரவில்லை, சொந்த வீட்டுக்கு வந்தீர்கள். பொய் சொன்னது பெரியம்மா.

நந்திதா