சிமெண்ட்டுக்கு அடியில் இருக்கும் கோதா

செங்கற்பட்டு,
12-8-1957

கியாசுதீன்,

நீ எழுதி அச்சிட்ட ‘கல்லூரி விளையாட்டரங்கின் வரலாறு’ வந்து சேர்ந்தது. அரங்கு இந்த வருஷம் கூடைப்பந்துக்காகப் பிறந்ததாம். அதற்கு முன் அங்கே வெறும் பொட்டலாம்! யாரிடம் கதைவிடுகிறாய்? திருப்போரூரிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் கொண்டுவந்து, நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து மிதித்து, அங்கே மல்யுத்தக் கோதா அமைத்தவர்கள் நாம் இருவரும்தானே?

விளையாட்டுக் குழுச் செயலாளர் ஆனதும் கோதாவின்மேல் சிமெண்ட் போட்டாய். பொறுத்துக்கொண்டேன். வரலாற்றின்மேலும் போட வேண்டுமா?

திறப்பு விழாவில் உள்ளே நுழைந்ததும், கோதாவில் இறங்கும் பழக்கத்தில் குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்தேன். விரலில் மண் ஒட்டவில்லை.

“இன்னா சார், சிமெண்ட்டக் கும்புட்டுகினு கீறீங்க?” என்றான் ஒரு மாணவன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

ஆனால் எனக்கு முன்னால் நுழைந்த நீயும் அதே இடத்தில் குனிந்தாய். முதல்வர் என்னவென்று கேட்டதற்கு, “பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு சார்” என்றாய்.

மறு அச்சில் கோதாவைச் சேர்த்துவிடு. அன்று உன் காலில் இருந்தது செருப்பு.

இப்படிக்கு,
உன்னோடு அந்த மண்ணை மிதித்தவன்