மூன்று வருடம் முந்தைய தேதி

தொக்மோக்,
மே 11, 2004

அன்புள்ள அனார்குல்,

முழங்காலைத் தவிர மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மாஸ்கோவில் நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் இப்போதாவது உன்னை உட்கார்ந்து சாப்பிட விடுகிறாளா? இந்தக் கடிதத்தை மைராமின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பஸ்ஸை நேரே மாஸ்கோவுக்கு ஓட்டி வருகிறான். தபாலைவிட சீக்கிரம் வந்து சேரும். கூட இருக்கும் பையில் குர்த், அந்த உலர்ந்த தயிர் உருண்டைகள், வைத்திருக்கிறேன். தயிரில் உப்பு சற்றுக் கூடிவிட்டது. குறை சொல்லாமல் சாப்பிடு.

ஒரு வேண்டுகோள். இதை முழுதாகப் படித்து முடிக்கும்வரை உன் கணவர் ஷார்ஷெனுக்குப் போன் செய்யாதே. நானே உனக்குப் போன் செய்திருக்கலாம். ஆனால் தபால் நிலையத்துக் கூண்டுக்குள் நின்று நான் கத்துவது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். நீயும் அழத் தொடங்கிவிடுவாய். சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

மாவு ஆலையில் தலைமைக் கணக்கர் வேலை உறுதியாகிவிட்டது, ஜூனில் நீ திரும்பி வந்துவிடலாம் என்று ஷார்ஷென் உன்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் வேலையை விடுவதாக நீயும் சொல்லப்போவதாகக் கேள்விப்பட்டேன். இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே. சொல்லிவிட்டாய் என்றால் இன்றே போய் மனம் மாறிவிட்டது என்று சொல். ஏன் என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜனவரியில் அவர் என் கம்ப்யூட்டர் கணக்குப்பதிவு வகுப்பில் வந்து சேர்ந்தபோது அறையில் இருந்த மற்ற எல்லோரும் பெண்கள். பழைய கலாசார மாளிகையில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் அதே அறைதான். கம்ப்யூட்டர்களில் ஒன்று எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக் கடை மைராமின் வாயை உனக்குத் தெரியும். "கால்நடை டாக்டர் இங்க எதுக்கு வந்திருக்கார், கம்ப்யூட்டருக்கு ஊசி போடவா?" என்றாள். இவர் கோட்டைக் கழற்றி மாட்டியபடியே, "முதல்ல உன் நாக்குக்குத்தான் போடணும். அதுக்குத்தான் இன்னும் மருந்து வரல" என்றார். அன்றிலிருந்து அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எது பற்று, எது வரவு என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் மௌஸைத் தொட வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. கம்ப்யூட்டருக்கு வெட்கம் கிடையாது, தவறையும் அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். பெண்கள் முனகுவார்கள். உன் கணவர் முனகியதில்லை. அவருடைய ஒரே விரல் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிவிடும். பொறுமையாக அழித்துவிட்டு மறுபடி அடிப்பார். "மாடு வாங்கினா செலவு எழுதறோம், அது கன்னு போட்டா எங்க எழுதணும் எஜே?" என்று, வகுப்புப் பெண்களைப் போல அக்கா முறை வைத்து, ஒருநாள் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அன்றைய வகுப்பு முழுவதும் போயிற்று. இறுதித் தேர்வில் ஒரு கற்பனைக் கடையின் ஒரு மாதக் கணக்கைக் கொடுத்து முடிக்கச் சொன்னேன். நான் சுலபத்தில் யாருக்கும் போடாத மதிப்பெண்ணை அவருக்குப் போட்டேன். இதை நீ நினைவில் வைத்துக்கொள். அவர் தேறிவிட்டார்.

அதற்கு மறுவாரம் ஆலை முதலாளி தலாந்த் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு ஆட்டுத் தொடை, ஒரு பெட்டி சாக்லேட். "எஜே, ஷார்ஷென் அண்ணனுக்கு ரொம்பச் சொல்லிக் குடுத்து அவர் தலையக் குழப்பாதீங்க. எந்தப் பொத்தான எப்ப அமுக்கணும்னு காட்டினாப் போதும், மீதிய நாங்க பாத்துக்குவோம்" என்றார். பாடத்தில் மீதி என்று எதையும் நான் விட்டுவைப்பதில்லை என்று சொன்னேன். சிரித்தார். பிறகு, சான்றிதழில் தேதியை மட்டும் மூன்று வருடம் முன்னால் போட்டுத் தரும்படி கேட்டார்.

எதற்காம், தெரியுமா? மூன்று வருடத்துக்கு முன்பே ஷார்ஷென் ஆலையில் தலைமைக் கணக்கராகச் சேர்ந்ததாக உத்தரவு எழுதி, வேலை பார்த்த காலமெல்லாம் ஏறும் அவருடைய பணிப் புத்தகத்திலும் பதிந்துவிடுவார்களாம். அந்த வருடங்களுக்கு ஓய்வூதியத்துக்கான தொகையை ஆலையே மொத்தமாகக் கட்டிவிடுமாம். "பாவம், டாக்சி ஓட்டின வருஷமெல்லாம் அவருக்கு வெறும் காத்தாப் போச்சு. ஒரு மனுஷனுக்கு நல்லது செய்யக் கசக்குதா எஜே?" என்று கேட்டார். கூட்டுப்பண்ணை கலைந்து கால்நடை டாக்டர் வேலை போன பிறகு உன் கணவரின் பணிப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. அந்த வெற்றுப் பக்கங்கள் அவரை எப்படி அரிக்கின்றன என்று நீ அறிவாய். தலாந்தும் அறிந்து வைத்திருக்கிறார்.

அந்த மூன்று வருடங்களில் ஆலைக் கணக்குகளில் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே என்று கேட்டேன். "அவங்கல்லாம் போயிட்டாங்க" என்றார். எங்கே என்று மறுபடி கேட்டேன். "போயிட்டாங்க எஜே" என்றார், சாக்லேட் பெட்டியைப் பார்த்துக்கொண்டே. மூன்று வருடத்துக்கு முன்னால் ஷார்ஷென் கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தால் டிவி என்று நினைத்து அதில் செய்தி தேடியிருப்பார் என்றேன். அவர் விடவில்லை. "உங்க முத்திரை அப்பவும் இதே முத்திரைதானே?" என்றார். ஆட்டுத் தொடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். சாக்லேட்டைத் திருப்ப முடியவில்லை, மைராம் அதற்குள் பிரித்துவிட்டாள்.

தையல் ஆலையின் கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேசையில் இருந்தவள் நீ. உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் ஷார்ஷெனிடம் எடுத்துச் சொல்ல வசதியாக எழுதி வைக்கிறேன். வங்கித் தாளில் முதல் கையெழுத்து முதலாளியுடையது, இரண்டாவது தலைமைக் கணக்கருடையது. வரிக்காரர்கள் வந்து நிற்கும் நாளில் முதலாளி கையை விரித்து, எனக்குக் கணக்குத் தெரியாது, அவரைக் கேளுங்கள் என்பார். அந்த உத்தரவு ஏறிவிட்டால், ஓடிப்போனவர்கள் செய்த அத்தனையும் உன் கணவர் செய்ததாகிவிடும். அந்த நாட்களில் அவர் மலைப்பாதையில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார் என்று சாட்சி சொல்ல ஊரே வரும். ஆனால் அவருடைய கையெழுத்தே அதை மறுத்துவிடும். அதற்குச் சிறைதான், அனார்குல். வேறு வார்த்தை போட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். அது ஏற்கெனவே துடைத்த அடுப்புதான். ஒரு வாரமாக இப்படித்தான் இருக்கிறேன். பாலம்வரை நடக்கிறேன், போன காரியம் என்னவென்று தெரியாமல் திரும்பி வருகிறேன். வகுப்பில் தவறான உதாரணம் சொன்னேன், நானே. "கொஞ்சம் உக்காருங்க எஜே, நீங்க நடக்கிறதப் பாத்தே எங்களுக்குக் கால் வலிக்குது" என்கிறாள் மைராம்.

காரணம் தலாந்த் அல்ல. அவரைப் போன்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு முன்னால் ஷார்ஷென் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"நான் பெயிலா எஜே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என் காகிதம் எங்க?"

தேதியை மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். "மாத்த வேணாம். இன்னைக்குத் தேதியே போடுங்க. நான் பொய் கேக்கல, நான் படிச்சதக் கேக்கறேன்" என்றார். இன்றைய தேதி போட்ட காகிதம் கிடைத்தாலும் அதை எடுத்துக்கொண்டு அவர் அங்கேதான் போவார். தலாந்த் மீதியைப் பார்த்துக்கொள்வார். அதனால் தர மறுத்தேன். சிறை என்ற சொல்லையும் சொன்னேன். "தெரியும். நான் என்ன பச்சப்புள்ளையா? ஒரு வருஷம் இருந்துட்டு வெலகிடுவேன். அதுக்குள்ள அனார்குல் வந்து வீட்ல உக்காந்துடுவா. அவ அங்க யாரோ ஒருத்தியத் தூக்கிக் குளிப்பாட்டிட்டு இருக்கா. இங்க, பொண்டாட்டி அனுப்புற காசுல தொப்பி வாங்கிப் போட்டவன்னு பஜார்ல என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க" என்றார். பிஷ்கெக்கில் போய் ஒரு சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொள்வதுதானே என்று கோபத்தில் கேட்டுவிட்டேன். "நான் எழுதினது உங்க பரீட்சை. எனக்கு உங்க கையெழுத்துதான் வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவைச் சாத்திய சத்தத்தில் சுவர்க் கடிகாரம் கோணிக்கொண்டது.

இந்த ஊருக்கு வருமுன், சிறுமியாக நான் படித்த வில்னியஸ் மடத்துப் பள்ளியில் எங்களுக்குப் பரிசு கொடுத்த சிஸ்டர் பெனிக்னா, தனக்குப் பிடிக்காத பெண்ணுக்கும் பிடித்த பெண்ணுக்கும் ஒரே முகத்தோடு கொடுப்பார். நானும் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன். தேறாதவருக்கு, மாவட்ட அதிகாரியின் மைத்துனியாக இருந்தாலும், காகிதம் இல்லை. தேறியவருக்கு இல்லை என்று சொன்னதும் இல்லை. இப்போது சொல்லிவிட்டேன். அதுதான் என்னை உட்கார விடாமல் செய்கிறது.

அவருக்கு வேறு வேலையும் பேசி வைத்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒருத்தி கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறாள். இருப்புக் கணக்குப் பார்க்க மருந்தின் பெயர் தெரிந்த ஆள் அவளுக்குச் செப்டம்பரிலிருந்து வேண்டும். சம்பளம் ஆலையில் சொன்னதில் பாதிகூட இல்லை. பதவிப் பெயர் பலகை இல்லை. வங்கித் தாளில் கையெழுத்தும் இல்லை, அதற்காகத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஷார்ஷெனிடம் சொன்னபோது பெட்டிக்கடை என்றார். நீ சொன்னால் கேட்பார். அவர் அங்கே சேர்ந்தால் உன்னை ஜூனில் கூப்பிட முடியாது. அடுத்த வசந்தத்தில் முடியலாம். அதுவும் 'முடியலாம்' என்றுதான் எழுத முடிகிறது.

உன் வருகைக்காக உங்கள் வீட்டு மெத்தைகளை வெயிலில் போட்டு எடுத்து வைத்தேன், திரைச்சீலையும் தைத்தேன். இப்போது மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், பூச்சி வராது. என் கணவர் இஷென் காலமான பிறகு என் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "ஒரு சந்தேகம் எஜே" என்றுதான் கதவைத் தட்டுகிறார்கள். சந்தேகம் தீர்ந்ததும் போய்விடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்கிறவளின் வீடு அப்படித்தான் இருக்கும்.

இந்த உறைக்குள் ஓர் அட்டை இருக்கும், மடித்துவிடாதே. அது ஷார்ஷெனின் சான்றிதழ். இன்றைய தேதி, என் கையெழுத்து, என் முத்திரை. அவர் சம்பாதித்ததை நான் வைத்துக்கொள்ள முடியாது, இங்கே அவர் கையில் கொடுக்கவும் முடியாது. பஸ் புறப்பட்ட பிறகு அவரிடம் போய், கொடுத்துவிட்டேன், உங்கள் மனைவியிடம் இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். பரவாயில்லை.

நோட்டரி முன்னால் வங்கியின் மாதிரிக் கையெழுத்து அட்டையில் அவர் கையெழுத்துப் போட ஆலைக்காரர்கள் குறித்திருப்பது இந்த மாதம் இருபத்துநான்காம் தேதி. மைராமின் தம்பி அதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுவான். நீ இந்தச் சான்றிதழை அவனிடம் கொடுத்தனுப்பினால் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். உன்னைத் தடுக்க எனக்கு உரிமை கிடையாது. அவர் உன் கணவர், வருவதா இருப்பதா என்பது உன் வாழ்க்கை. ஆனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டுவந்து அவர் கையில் கொடு. இந்த ஜூனில் வேண்டாம். எந்த மாதமானாலும் பஸ் நிலையத்தில் அவர் நிற்பார், நானும் நிற்பேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். அந்த அம்மாளைத் தூக்கும்போது குனிந்து தூக்காதே, அருகில் அமர்ந்து அணைத்துத் தூக்கு. உன் முதுகு எங்களுக்கு வேண்டும்.

உன் நலத்தையே வேண்டி நிற்கும்,
ரெகினா