இரவல் சீலையும் தம்பியின் சத்தியமும்

யூன் 2, புதன்

விடியவே சோளகக் காற்று எழும்பிவிட்டது. குசினி வரைக்கும் மணல். கரைவலை மடியில் கிழிசல், பொத்தி முடித்தேன். மீன்: சூடை, கொஞ்சம் பாரைக்குட்டி. வாங்க வேண்டியது: நைலோன் நூல், தேயிலை, இருமல் மருந்து.

சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் சிஸ்டர் சொல்லித்தந்த எழுத்துத்தான் என்னிடம் உள்ளது. அதற்கு முன் கைநாட்டு. கொம்பும் காலும் இன்னும் பிழைக்கும். பிழைக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்.

தம்பி தாசன் லண்டனிலிருந்து போன் எடுத்தான். சனிக்கிழமை மியூசியத்துக்குப் போகிறானாம்.

"ஆயிரம் வருசத்துச் சீலை அண்ணை. ஒரு சண்டைக் கதை முழுக்க ஊசியால குத்தியிருக்கு. பிரான்ஸ்காரர் இரவல் குடுத்திருக்கினம். வீடியோவில காட்டுறன்."

"சீலை பாக்கவோடா லண்டன் போனனீ?"

சிரித்தான். முன்பெல்லாம் நத்தாருக்கும் பாஸ்குவுக்கும் மட்டும் எடுப்பான். இந்த வருசம் கிழமைக்குக் கிழமை. மகள் றெஜினா சொல்கிறாள், "சித்தப்பாவுக்கு உங்களில இப்ப நல்ல பட்சம்." பட்சம் நல்லதுதானே.

யூன் 4, வெள்ளி

அந்தோனியார் கோயில் கொடியேற்றம். சனம் நிறைய. பாட்டுக்காரப் பிள்ளைகள் சுருதி விட்டுவிட்டுப் பாடினார்கள்.

சுரூபத்துக்கு முன் முழந்தாளில் இருந்தபோது பழைய நினைப்பு. முகாம் விட்டு வந்த வருசம். ஐயா விட்டுப்போன கரைக்காணி, எங்கள் இருவருக்கும் பொது. பத்திரம் எல்லாம் சண்டையில் போனது. லண்டனிலிருந்து வந்து, வவுனியாவில் லோயர் பிடித்து ஓடித்திரிந்தவன் தாசன். அதனால் காணி உறுதி அவன் பேரில். எனக்குப் பத்திரம் தேவைப்படவில்லை. எங்கள் கரையில் வழக்கென்றால் அந்தோனியார்தான். வலை களவு போனாலும் அவர் காலில் கைவைத்துச் சொன்னால் முடிந்தது. பொய்ச்சத்தியம் பண்ணினவனின் வள்ளத்தில் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

தாசன் கைவைத்தான். "அண்ணை இருக்குமட்டும் இந்தக் காணியில ஒரு பிடி மண் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்." குரல்கூட இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்சம் தடிமன் பிடித்திருந்தது அன்றைக்கு அவனுக்கு.

யூன் 5, சனி

பின்னேரம். காற்று விழுந்துவிட்டது. சேட்டு மாற்றிக்கொண்டு கதிரையில் இருந்தேன். றெ. சிரிப்பு: "அப்பா, சீலை உங்களைப் பாக்காது. நீங்கள்தான் சீலையைப் பாக்கிறது." இருந்தாலும் லண்டன்.

போனில் ஒரு இருட்டு அறை. கண்ணாடிக்குள் சீலை ஓடுகிறது, ஓடுகிறது, முடிவில்லை. மேலே ஏதோ எழுத்து. தாசனின் மனைவி மேரி பக்கத்தில் நின்று விளக்கம் வாசித்தாள்.

முதலில் வள்ளம் ஏறப் போகிறவர்கள். உடுப்பைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில். ஒருவன் கக்கத்தில் நாய். நாய் நனையக் கூடாதாம்! நல்லாய்ச் சிரித்தேன்.

பிறகு மீசைக்காரன் ஒருவன் இரண்டு பெட்டிக்கு நடுவில். கைகளை விரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கை. கதிரையில் இருக்கிறவன் அவனை நோக்கி விரல் நீட்டுகிறான். ஒருவரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

"தாசன், அதில நில்லு."

"சனம் தள்ளுது அண்ணை."

மேரி வாசித்தாள்: "சத்தியம் பண்ணுறார் அத்தான். பெட்டிக்குள்ள புனிதரின்ர எலும்பாம். நாட்டை உனக்கு விடுறன் எண்டு கதிரையில இருக்கிறவருக்குச் சொல்லிப்போட்டு, பிறகு தானே முடி வைச்சிட்டாராம். எலும்பு கிடக்கிறது தெரியாமல் கைவைச்சவர் எண்டும் ஒரு கதை."

"தெரியாமல் வைச்சால் அதென்ன சத்தியம்?" தாசன்தான். சத்தமாக. "உள்ள என்ன கிடக்கு எண்டதெல்லோ கணக்கு."

"கிடந்தால் என்ன, கிடவாட்டி என்ன. சொன்ன வாய் அவன்ர வாய்தானேடா."

படம் ஆடியது. கொஞ்சநேரம் நிலம்தான் தெரிந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரியின் சப்பாத்து.

மீதியும் பார்த்தேன். வால்வெள்ளி. மரம் தறிக்கிறார்கள், பலகை சீவுகிறார்கள், வள்ளத்தைக் கயிறு கட்டிக் கடலுக்கு இழுக்கிறார்கள். குதிரைகள் நிற்கும் வள்ளம், கவிழாமல். பிறகு ஒரு வீடு, இரண்டு பேர் கொளுத்துகிறார்கள். கீழே ஒரு பெண், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு. பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன். மேரிக்குத் தெரியவில்லை. சண்டைக்குக் கீழே ஓரத்தில் பிணங்கள், உடுப்பு உரிந்தபடி. வென்றவர்கள் தைப்பித்ததாம். ஊசி பிடித்தது அனேகமாகத் தோற்ற ஊர்ப் பெண்களாம்.

றெ. எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசிச் சண்டையில், மாத்தளனில், அவளுடைய கையை நான் பிடித்திருந்தேன்.

யூன் 6, ஞாயிறு

பூசை. வெக்கை. மத்தியானம் நண்டுக் குழம்பு, உறைப்புக் கூட.

தாசன் ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னான்? ஆயிரம் வருசத்துக்கு முந்தின மீசைக்காரனுக்காக இவனுக்கு என்ன கோபம்.

யூன் 8, செவ்வாய்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

காலையில் கரையில் நின்றேன். முக்காலியும் மஞ்சள் தொப்பியுமாகச் சிலர் எங்கள் காணிக்குள்.

"ஆர் தம்பி நீங்கள்?"

"அளக்க வந்தனாங்கள் ஐயா. இதில ஹொட்டேல் வருகுது."

"ஆற்ற காணி எண்டு அளக்கிறியள்?"

பேப்பரைப் பார்த்தான். "தாசன் எண்டவர் லண்டனில இருந்து வித்தது. மாசியில கைமாறிட்டுது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குச் சொல்லேல்லையே?"

நல்ல பிள்ளை. தண்ணீர்ப் போத்தலைக்கூட நீட்டினான். ஆனால் எல்லைக் கட்டை அறையத்தான் வேண்டும், அது அவன் வேலை. "வீட்டு மூலையில ஒண்டு வரும் ஐயா. கோழிக்கூட்டைக் கொஞ்சம் தள்ளி அரக்குங்கோ."

அரக்கிக் கொடுத்தேன்.

வீடு, மீன் வாடி, வலை இழுக்கிற கரை. எல்லாம் கட்டைக்குள்ளே. என்னோடு வலை இழுக்கிறவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை.

மாசியிலிருந்துதான் அவன் கிழமைக்குக் கிழமை எடுத்தான். மருந்து குடித்தீர்களோ, காலில் வீக்கமோ, சீலை பார்ப்போமோ.

யூன் 9, புதன்

நேற்று முழுக்கத் தாசனுக்குப் போன் எடுத்தேன். தூக்கவில்லை. இன்று றெ. தன் போனில் எடுத்தாள். தூக்கினான்.

"டேய் தாசன்."

"அண்ணை... நேர வந்து சொல்லலாம் எண்டு..."

"அந்தோனியாரில கைவைச்சனியெல்லோடா."

பாடம் செய்து வைத்தவன் மாதிரி: "அந்தச் சுரூபம் அப்ப மந்திரிக்கேல்லை அண்ணை. கொழும்பில இருந்து வந்து இறக்கின சாந்துச் சிலை. பங்குச் சுவாமி தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சது அடுத்த கிழமை. அதில கைவைச்சதும் தூணில கைவைச்சதும் ஒண்டு. எனக்குப் பாவமில்லை."

"அண்டைக்கே உனக்கு இது யோசினையோ?"

மேரியின் குரல் தூரத்தில்: "சொல்லிப்போடுங்கோவன்."

"ஓம்."

ஒரு கிழமை பொறு, மந்திரிக்கட்டும் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். அதற்கு முன் பிளேன் என்றான். சரி என்று விட்டேன். சுரூபத்தின் காலில் சுற்றியிருந்த பொலித்தீனை நான்தான் அவிழ்த்தேன், அவன் கைவைக்க வசதியாக. மடிப்புக்குள் வைக்கோல் இருந்தது, அதையும் ஊதிவிட்டேன். பிளேன் என்றவன் அடுத்த கிழமை மந்திரிப்புக்கு நின்றான். என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். கத்தரிக்காய்க் கறி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"திருநாளுக்கு வாறன் அண்ணை, டிக்கெட் போட்டாச்சு. இப்ப மந்திரிச்ச சுரூபம்தானே. அதில கைவைச்சுச் சொல்லுறன், அக்கராயனில உங்களுக்கு நல்ல காணி எடுத்துத் தருவன்."

"அக்கராயனில கடல் எங்கையடா?"

"குளம் இருக்கண்ணை."

போனை றெ. கையில் கொடுத்துவிட்டேன்.

யூன் 10, வியாழன்

மந்தாரம். மழை இல்லை.

பங்குச் சுவாமியிடம் கேட்டேன், மந்திரிக்காத சுரூபத்தில் பண்ணின சத்தியம் சத்தியமோ என்று. ஆர் பண்ணினது என்றார். ஒருவன் என்றேன். தாடியைச் சொறிந்தார். "கடவுள் காதைப் பொத்திக்கொண்டோ இருந்தவர்?" என்றார். பிறகு மெல்ல, "காணி விசயமெண்டால் லோயரைப் பாருங்கோ சூசையண்ணை. உறுதி அவற்ற பேரிலதானே."

அதுதான். கடவுளும் கேட்டார், உறுதியும் அவன் பேரில்.

வலை இறக்கவில்லை. இழுக்கிறவர்கள் இன்னொரு கரைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார்கள். பிழையில்லை, பிள்ளைகுட்டிக்காரர்.

யூன் 12, சனி

வெயில். திருநாள் வேஸ்பர் செபத்துக்கு இன்னும் மணி அடிக்கவில்லை.

வான் வந்தது. தாசன் இறங்கினான். மெலிந்துவிட்டான், தலை நரை. ஐயாவின் நடை அப்படியே. கட்டைகளைப் பார்க்காமல் விலத்தி விலத்தி வந்தான். கையில் மியூசியத்தில் வாங்கின துவாய்த் துண்டு ஒன்று, அந்த வள்ளங்கள் அச்சடித்தது.

"அண்ணை" என்று கட்டிப்பிடிக்க வந்தான்.

"வாங்கோ" என்றேன். "பயணம் சுகமோ? இருங்கோ."

றெ. குசினிக் கதவடியில் நின்றுவிட்டாள். தாசன் துவாயைப் பிடித்தபடியே நின்றான்.

"என்னண்ணை இது, ஆரோ பிறத்தியாரோட கதைக்கிற மாதிரி?"

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். சீனி போடுகிறவரோ என்றும் கேட்டேன்.